அப்பாவின் கொப்பி ஊர் சுற்றப் போகிறது: யார் யார் வாசிக்கிறீர்கள்?

உவர்மலை ஒருத்தி | பெப்ரவரி 8

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தவள் நான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 2019இல் போனார். அதற்கு முந்திய நாலைந்து வருடம் பின்விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு மூன்று சி.ஆர். கொப்பிகள் நிறைய எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால் "கணக்கு" என்பார். அந்தியேட்டி முடிந்து அலுமாரியை ஒதுக்கும்போதுதான் திறந்து பார்த்தேன். கணக்கும் இருந்தது, ஆனால் அது கடைசி நாலு பக்கம்தான். மற்றதெல்லாம் எங்கள் வீட்டுக் கதை. 1934இல் திருகோணமலைப் பெருந்தெருவில் பிறந்தது, எட்டு வயதில் ஜப்பான்காரன் குண்டு போட்டது, டொக்யார்டில் கிளார்க் வேலை, 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதும் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு மாறியது, 64 புயல், 83 கலவரம், 90 சண்டை, சுனாமி. நடுநடுவே முற்றத்து மாமரம், மாமிமாரின் கோபதாபம், நிலாவெளியில் வாங்கி நட்டத்துக்கு விற்ற காணி.

இரண்டு வருடம் இருந்து தட்டச்சு செய்தேன். 212 பக்கம் வந்தது. மூன்றாம் ஆண்டுத் திவசத்துக்கு 40 பிரதி அடித்தோம். 32 பிரதி சொந்தக்காரரிடம் போனது. எல்லோரும் கல்வெட்டு (செத்தவீட்டு நினைவு மலர்) என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் கல்வெட்டை எப்படி வாசிப்போம் என்று உங்களுக்குத் தெரியும்: வம்சாவளியில் தன் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம், முன்பக்கப் படத்தைப் பார்த்து "பாவம் மனுசன்" என்போம், ஷோகேஸில் வைப்போம். மூன்று வருடத்தில் ஒரே ஒருவர்தான் புத்தகத்துக்குள் இருந்த ஒரு விசயத்தை என்னிடம் கேட்டார். அவர் எங்கள் வீட்டுக்குக் குழாய் திருத்த வந்தவர். மேசையில் கிடந்ததை எடுத்து வாசித்திருக்கிறார்.

மிச்சம் 8 பிரதி இருக்கிறது. அதில் ஒன்றிரண்டைச் சுற்றில் விடலாமா என்று யோசிக்கிறேன். வெளிநாடுகளில் 2001இலிருந்து புக்கிராஸிங் என்று ஒன்று நடக்கிறது. புத்தகத்துக்கு ஓர் எண் கொடுத்து, வாசித்தவர் அடுத்தவருக்கு அனுப்புவார், எண்ணை வைத்துப் புத்தகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். பெயர்ப் பட்டியல் போட்டுச் சுற்றி, கடைசி ஆள் உரியவருக்கே திருப்பி அனுப்பினால் அது 'புக் ரிங்'. திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்தால் 'புக் ரே'. எனக்கு அந்த இணையத்தளமெல்லாம் வேண்டாம், இந்த இழையே போதும். எழுதியவரைத் தெரியாத ஆட்கள் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விருப்பமானவர்கள் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்றும் சொல்லுங்கள்.

மடத்தடி வாத்தியார் | பெப்ரவரி 8

பிள்ளை, குறை நினைக்க வேண்டாம். நான் 31 வருடம் படிப்பித்தவன். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வந்ததை விரல் விட்டு எண்ணலாம். இன்னொன்று, அடுத்த வீட்டுக் குடும்பக் கதையை ஆர் வாசிப்பான்? அவனவனுக்குத் தன் வீட்டுக் கதையே தலைக்கு மேல் கிடக்கிறது. 32 பேர் வாசிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பாலையூற்றுப் பையன் | பெப்ரவரி 9

சேர் எப்போதும் இப்படித்தான் 😄

அக்கா, எதற்கு இவ்வளவு கஷ்டம்? பி.டி.எஃப். ஆக்கி நூலகம் தளத்துக்குக் கொடுத்துவிடுங்கள். 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களைச் சேர்க்கிறார்கள், நினைவு மலர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு நாளில் வேலை முடிந்தது. லண்டனில் இருப்பவரும் வாசிக்கலாம், லிங்கநகரில் இருப்பவரும் வாசிக்கலாம். ஒரே ஒரு பிரதியைப் பஸ்ஸில் அனுப்பி அது தொலைந்து, பிறகு இங்கே வந்து அழுது... தேவையா?

உவர்மலை ஒருத்தி | பெப்ரவரி 9

தம்பி, நீங்கள் சொல்வது சரி. பாதுகாக்க வேண்டும் என்றால் அதுதான் வழி, செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்கள் போனில் எத்தனை பி.டி.எஃப். இருக்கிறது, அதில் எத்தனை வாசித்தீர்கள் என்று மனச்சாட்சியோடு சொல்லுங்கள். என்னிடம் எழுபது இருக்கும். பெயர் மட்டும் தெரியும்.

ஒருவர் தன் கையால் பொதி கட்டி அனுப்பி, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் வாசிக்காமல் வைத்திருக்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை நம்பித்தான் இறங்குகிறேன்.

வாத்தியார் ஐயா, 32 பேர் வாசிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுக்கு அப்பாவைத் தெரியும். தெரிந்த மனிசரின் புத்தகத்தை வாசிக்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

கிண்ணியா நானா | பெப்ரவரி 10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் பெயரை முதலில் போடுங்கள். தபால் வேண்டாம், நான் வாரத்துக்கு இரண்டு தடவை திருமலைக்கு வருகிறவன், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். முந்தி என்றால் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும், அந்தக் கரையில் இறங்க வேண்டும், புத்தகம் நனையும். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவும் ஒரு வீதி மாதிரித்தான்.

குண்டு போட்ட கதை இருக்கிறது என்றீர்கள். என் வாப்பாவின் வாப்பா அன்றைக்குக் கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் சொன்னதும் உங்கள் அப்பா எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அதற்காகவாவது வாசிப்பேன்.

நூல் கட்டுகிறவன் | பெப்ரவரி 10

தொழில்முறையில் இரண்டு வார்த்தை. 40 பிரதி அடித்தது என்றால் அது பசை பைண்டிங்காகத்தான் இருக்கும், முதுகில் சூடான பசையை ஊற்றி மட்டையை ஒட்டுவது. ஷோகேஸுக்கு அது காணும். பத்துப் பேர் கை மாறினால் நடுப்பக்கம் கழன்று வரும். கச்சான் காற்றுக் காலத்தில் பசை காய்ந்து முறுகும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

சுற்றில் விடும் பிரதியை மட்டும் பிரித்து நூலால் தைத்துக் கட்டுங்கள். இப்போது தனித்தாளாக இருப்பதால் மடித்துத் தைக்க முடியாது, விளிம்பில் ஓட்டை போட்டுத்தான் தைக்க வேண்டும், உள் ஓரம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை. கலிக்கோ முதுகு, கனமான மட்டை. முக்கியமாக, கட்டும்போது ஒவ்வோர் அத்தியாயத்துக்குப் பின்னாலும் இரண்டு வெள்ளைத்தாள் சேர்த்துக் கட்டுங்கள். வாசிக்கிறவன் எதையாவது எழுதத்தான் செய்வான், இடம் கொடுக்காவிட்டால் அச்சுக்கு மேலேயே கிறுக்குவான். பென்சில் மட்டும் என்று முன்பக்கத்தில் போடுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும்.

மடத்தடி வாத்தியார் | பெப்ரவரி 10

புத்தகத்தில் எழுதுவதா! சரஸ்வதி.

உவர்மலை ஒருத்தி | பெப்ரவரி 11

ஐயா, அப்பாவே கொப்பியின் ஓரத்தில் பால்காரன் கணக்கு எழுதியிருக்கிறார். சரஸ்வதி பொறுத்துக்கொண்டாள்.

வெள்ளைத்தாள் யோசனை எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. கட்டக் கொடுக்கிறேன்.

ஸ்காபரோ மாமி | பெப்ரவரி 12

நானும் இருக்கிறேன் பிள்ளை. நான் திருக்கடலூர், 1984இல் வெளிக்கிட்டவள். ஒரு புத்தகத்தைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்புகிற காசுக்கு நீ இன்னொன்று அடிக்கலாம். ஆடி மாதம் என் தம்பியின் மகள் அங்கே வருகிறாள், அவள் பெட்டியில் ஒரு பிரதி கொடுத்துவிடு. இங்கே நாங்கள் ஆறேழு பேர் இருக்கிறோம், எங்களுக்குள் சுற்றுவோம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். சனிக்கிழமை போனில் வாசித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

உவர்மலை ஒருத்தி | பெப்ரவரி 26

கட்டி வந்துவிட்டது. கையில் பிடித்தால் செங்கல் மாதிரி இருக்கிறது, ஆனால் விரித்து வைத்தால் படுக்கிறது.

ஒழுங்கு இப்படி வைத்திருக்கிறேன். முதலாம் பிரதி ரிங். கிண்ணியா நானா, வாத்தியார் ஐயா (திட்டினாலும் பெயர் தந்துவிட்டார், தனிமடலில்), சாம்பல்தீவில் ஒருவர், வவுனியாவில் ஒருவர், பிறகு தம்பலகாமம், பிறகு என்னிடம். ஓர் ஆளுக்கு நாலு கிழமை. கிடைத்ததும் இங்கே ஒரு வரி, அனுப்பியதும் ஒரு வரி. பொலித்தீன் பைக்குள் போட்டு, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, தபாலில் என்றால் பதிவுத் தபால். முகவரி இங்கே போட வேண்டாம், தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கப் பிடிக்காவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன். (கோபிப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன்.)

இரண்டாம் பிரதியை ரே ஆக விடுகிறேன். பாலையூற்றுத் தம்பி கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறாராம், வாசித்து முடிந்த இடத்தில் யாரிடமாவது கொடுப்பாராம். பார்ப்போம்.

கிண்ணியா நானா | மார்ச் 19

வாசித்துவிட்டேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை உம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன்.

அக்கா, குண்டு போட்ட அத்தியாயத்தைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் அப்பா "உச்சி வெயில், பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் சொல்வது காலை. சுபஹ் தொழுது, தேத்தண்ணி குடித்து, வலையை விரித்துக்கொண்டிருக்கும்போது சீனக்குடாப் பக்கம் சத்தம் கேட்டது, பிறகு கரும்புகை. அந்தப் புகை நாள்கணக்கில் நின்றது, உம்மாவின் வீட்டில் காயப் போட்ட துணியெல்லாம் கறுத்தது என்பது எங்கள் பக்கத்துக் கதை. உங்கள் அப்பாவும் ஏழு நாள் எண்ணெய் டாங்கி எரிந்தது என்கிறார். அதில் இரண்டு வீடும் ஒத்துப்போகிறது. நேரத்தில்தான் இடிக்கிறது. வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. ஏழாம் அத்தியாயத்தில் பதினொரு வரிக்கு மேல் தாள் ஒட்டியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உவர்மலை ஒருத்தி | மார்ச் 19

நானா 😂 எல்லோரும் அதைத்தான் செய்யப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அது அப்பாவின் கடைசித் தங்கச்சி, எங்கள் சின்னமாமியின் கதை. ஒரு கலியாணப் பேச்சு நின்றுபோனது பற்றி. 40 பிரதியிலும் அது இருக்கிறது, அப்போது ஒருவரும் வாயே திறக்கவில்லை (வாசித்தால்தானே). புத்தகம் வெளி ஆட்களிடம் போகிறது என்று கேள்விப்பட்டதும் மாமியின் மகன் லண்டனிலிருந்து போன் எடுத்தார். "வீட்டு விசயத்தைச் சந்தியில் வைக்கிறீர்களா" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மாமி உயிரோடு இருக்கிறார், 84 வயது. அப்பா எழுதும்போது அவரிடம் கேட்டிருக்க மாட்டார். அதனால் சுற்றுப் பிரதிகளில் தாள் ஒட்டினேன்.

மடத்தடி வாத்தியார் | மார்ச் 20

நேரத்தைப் பற்றி. கிண்ணியாத் தம்பி சொல்வது சரி. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை ஏழரை அளவில் திருகோணமலையில் தாக்குதல் தொடங்கிவிட்டது. கொழும்பில் குண்டு விழுந்தது அதற்கு நாலு நாள் முந்தி, ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பேர்ள் ஹாபருக்குப் போன அதே ஜப்பான் தளபதி நகுமோவின் கப்பல் படைதான். புத்தகம் என் கைக்கு இன்னும் வரவில்லை, வந்ததும் மற்றதைப் பார்க்கிறேன்.

மடத்தடி வாத்தியார் | ஏப்ரல் 11

புத்தகம் கிடைத்தது, வாசித்தும் முடித்தேன். நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. இரவல் புத்தகம் திரும்பி வராது என்பது பொது விதி. ஆனால் இந்த மனிசனுக்கு எழுத வந்திருக்கிறது.

டொக்யார்டு அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய துரைமார், கப்பல், கொடி எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, ஸ்டோர்ஸ் கந்தோரில் ஒரு பெட்டி ஆணி குறைந்ததற்கு நடந்த விசாரணையை ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். 1957 ஒக்டோபரில் தளம் கைமாறிய நாளை நம்மவர்கள் எப்போதும் அரசியலாகத்தான் எழுதுவார்கள். இவர் "அடுத்த மாதச் சம்பளம் ஆர் தருவான் என்று ஆரும் சொல்லவில்லை" என்று தொடங்குகிறார். அந்த ஆணிப் பெட்டியை இனி என்னால் மறக்க முடியாது.

திருத்தம் இரண்டு. ஹேர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் "எங்கள் வெளித்துறைமுகத்தில்" மூழ்கியது என்று எழுதியிருக்கிறார். பிழை. எச்சரிக்கை வந்ததும் முதல் நாள் இரவே அது திருகோணமலையை விட்டுக் கிளம்பிவிட்டது, மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வைத்துத்தான் அடித்தார்கள். கூடப் போன வம்பயர் கப்பலும் அங்கேதான் தாழ்ந்தது. ஹேர்மீஸில் மட்டும் 300 பேருக்கு மேல் போனார்கள். இங்கே புகையும் அங்கே கப்பலும் ஒரே நாள் என்பதால் எட்டு வயதுப் பிள்ளையின் நினைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வார்.

இரண்டாவது, எண்ணெய்க் குதங்கள் "நூறு" என்கிறார். கட்டியது 101, இப்போது மிச்சம் 99. நூறு என்பது வாய்க்கு வசதியான எண், மன்னிக்கலாம்.

பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆம், புத்தகத்தில் எழுதினேன். சரஸ்வதியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பாலையூற்றுப் பையன் | ஏப்ரல் 11

சேர் புத்தகத்தில் எழுதிவிட்டாராம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.

அக்கா, ஒரு கெட்ட செய்தி. ரே பிரதியை நான் வாசித்து முடித்துக் கொழும்பில் எங்கள் அறையில் இருக்கும் நண்பனிடம் கொடுத்தேன். அவன் கண்டியிலுள்ள அக்காவுக்கு அனுப்பக் கூரியர் கடை ஒன்றில் கொடுத்தான். போய்ச் சேரவில்லை. ரசீதைக் காட்டிக் கேட்டால் "வாகனத்தில் ஏறியது" என்கிறார்கள். எங்கே இறங்கியது என்று அவர்களுக்கும் தெரியாது.

உவர்மலை ஒருத்தி | ஏப்ரல் 12

நேற்று இரவு இதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. இன்றைக்குக் காலை யோசித்தேன், ரே என்றாலே திரும்பி வராத புத்தகம்தானே. நான்தான் அந்தச் சொல்லைப் போட்டேன். ஆர் கையிலாவது இருக்கட்டும். முன்பக்கத்தில் இந்த இழையின் பெயர் இருக்கிறது, கிடைத்தவர் மனம் வைத்தால் ஒரு வரி எழுதுவார்.

நீங்கள் வாசித்தீர்களே தம்பி, அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

பாலையூற்றுப் பையன் | ஏப்ரல் 12

64 புயல் அத்தியாயம் வரும்போது ரயில் கல்ஓயாச் சந்தியில் நின்றுகொண்டிருந்தது. டிசம்பர் 22 இரவு, கூரைத் தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை உங்கள் அப்பப்பா சத்தத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார் என்ற இடம். பதினேழுவரை எண்ணினார் என்று இருக்கிறது. அதே புயல்தான் அந்தப் பக்கம் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, இரண்டையும் வேறு வேறு புயல் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம், சட்ட விசயம் ஒன்று தேடிப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 70 வருடம் உரிமை வாரிசுகளுக்கு. அதாவது 2089 வரை உங்களுக்கும் உங்கள் சகோதரங்களுக்கும். அச்சடித்த பிரதியை இரவல் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. இணையத்தில் போட வேண்டும் என்றால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் "ஒரு நாளில் வேலை முடிந்தது" என்றது அவசரப்பட்டுச் சொன்னது.

திரும்பி வந்தவள் | ஏப்ரல் 15

நான் இடையில் வருகிறேன். 90இல் படகில் போய் தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் இறங்கி, முகாமில் வளர்ந்து, பிறகு ஊர் திரும்பியவள். எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் கொண்டு வந்திருக்க முடியாது. உறுதிப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் மட்டும் பொலித்தீனில் சுற்றி அம்மாவின் இடுப்பில் இருந்தன.

நூலகமா, இரவலா என்று மேலே பேசியதைப் பார்த்தேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகம் எரிந்ததை எல்லோரும் சொல்கிறோம். எங்கள் ஊர் வீடுகளில் எரிந்த கொப்பிகளை யார் எண்ணினார்கள்? 40 பிரதியில் 32 வீட்டு ஷோகேஸ்களில் இருப்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள் அக்கா. எனக்கு அது பெரிய பாக்கியமாகத் தெரிகிறது. வாசிக்கிறார்களோ இல்லையோ, 32 இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது சுற்று வந்தால் என் பெயரையும் போடுங்கள்.

உவர்மலை ஒருத்தி | ஏப்ரல் 15

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பெயர் போட்டுவிட்டேன்.

உவர்மலை ஒருத்தி | மே 30

சுற்றில் ஒரு சின்ன மாற்றம். சாம்பல்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போக வேண்டிய புத்தகம் ஒரு வாரம் அன்புவழிபுரத்தில் நின்றுவிட்டது. காரணம் சின்னமாமி.

பத்திரகாளி அம்மன் கோயிலில் யாரோ மாமியிடம், "உங்கள் அண்ணையின் புத்தகத்தில் ஆட்களெல்லாம் பென்சிலால் எழுதுகிறார்களாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமி எனக்குப் போன் எடுத்து, "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்டார். உங்களிடம் அச்சுப் பிரதி இருக்கிறதே என்றேன். "அது மகன் எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டான், எனக்கு எட்டாது. எனக்கு எழுதுகிற புத்தகம் வேண்டும்" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டேன், தாள் ஒட்டியிருக்கிறேன் மாமி, குறை நினைக்க வேண்டாம் என்று. ஒன்றும் பேசவில்லை.

நேற்றுப் போய்த் திருப்பி வாங்கினேன். தாளைக் காணவில்லை. சுடுதண்ணியில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறார், அச்சு ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. (என் பசையின் தரம் அப்படி.) பக்கத்து வெள்ளைத்தாளில், பூதக்கண்ணாடி வைத்து எழுதியிருக்க வேண்டும், பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருக்கிறது:

"1961 இல்லை. 1962 ஆவணி. மாப்பிள்ளை வீட்டார் சீதனம் கூடக் கேட்டதால் நின்றது என்று அண்ணை எழுதியது பிழை. அவருக்கு அப்படித்தான் சொன்னோம். நான்தான் வேண்டாம் என்றேன். ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

ஐயா என்றால் என் அப்பப்பா. அறுபது வருடத்துக்கு மேல். அப்பா சாகும்வரை சீதனம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை இங்கே எழுதலாமா என்று மாமியிடம் கேட்டேன். "அதுக்குத்தானே எழுதினது" என்றார். மகனுக்கு என்ன சொல்வது என்றேன். "அவனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், நீ புத்தகத்தை அனுப்பு" என்றார். இன்று பதிவுத் தபாலில் வவுனியாவுக்குப் போய்விட்டது.

ஸ்காபரோ மாமி | மே 30

எனக்குத் தரும் பிரதியில் தாள் ஒட்டாதே.

கிண்ணியா நானா | மே 31

உம்மாவுக்கு இப்போதுதான் சொன்னேன். அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு இன்னொரு முறை வேண்டும், வரிசையில் போடுங்கள்.

மடத்தடி வாத்தியார் | ஜூன் 2

ஹேர்மீஸ் எங்கே தாழ்ந்தது என்று நான் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் 62 ஆவணி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தம்பலகாமம் வயல்காரி | ஜூலை 14

வவுனியாவிலிருந்து புத்தகம் வந்தது, நல்ல நிலையில். ஒரு மூலை மட்டும் மடங்கியிருக்கிறது.

அக்கா, பக்கம் 31. குண்டு போட்ட அன்று பின்னேரம் உங்கள் ஆட்கள் திருமலையிலிருந்து நடந்து வரும்போது, ஒரு மாட்டு வண்டில்காரர் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு தம்பலகாமம் கொண்டுவந்து விட்டார், காசு வாங்கவில்லை, பெயரும் கேட்கவில்லை என்று இருக்கிறது. என் அப்பப்பாவிடம் அந்தக் காலத்தில் வண்டில் இருந்தது. திருமலைக்கு நெல் ஏற்றுகிறவர். ஜப்பான்காரன் அடித்த நாள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி வந்த கதை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. வண்டில் வைத்திருந்தவர்கள் அப்போது நிறையப் பேர், அதனால் அவர்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அப்பப்பாவுக்கு இடது கையில் சுண்டுவிரல் இல்லை, சின்ன வயதில் அரிவாள் பட்டது. உங்கள் அப்பாவின் கொப்பியில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? அச்சில் இல்லை.

உவர்மலை ஒருத்தி | ஜூலை 14

முதலாம் கொப்பியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

"வண்டில்காரர் கயிற்றைப் பிடித்த கையில் விரல் ஒன்று குறைவு, நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்" என்று இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது, அந்தப் பத்தி நீண்டுபோகிறது, இது தேவையில்லை என்று நான்தான் வெட்டினேன்.

எந்தக் கை என்று அப்பா எழுதவில்லை. அந்த வரியை அப்படியே உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். பக்கம் 31க்கு எதிரே உங்கள் கையால் எழுதிவிடுங்கள், நான் வெட்டியது என்றும் சேர்த்து எழுதுங்கள். புத்தகத்தைத் தபாலில் போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்குகிறேன். கொப்பியையும் கொண்டு வருகிறேன்.